மலாய் தெரியாத அஞ்சலையை நான் அறிவேன்

அஞ்சலை காலமான செய்தி எனக்கு மலாயில் வந்தது. காலைக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் அவருடைய பேத்தி. "நேனெக் டா தாக் அடா" என்றாள். பாட்டி இனி இல்லை. எத்தனை மணிக்கு, வலி ஏதும் இருந்ததா, சிங்கப்பூரில் இருக்கும் சின்னம்மாவுக்குச் சொல்லிவிட்டாயா என்று நானும் மலாயிலேயே கேட்டேன். அவள் அழுதாள். அழுது முடிக்கும்வரை ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் கவனித்தேன், ஒரு சொல்லுக்குக்கூட நான் தடுமாறவில்லை. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த காலத்தில் இதே செய்தி இதே மொழியில் வந்திருந்தால், அந்தப் பெண்ணை அழவிட்டு வாய்மூடி நின்றிருப்பேன்.

பதினாறாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு மலர் அச்சிடுகிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டார்கள். அவருடைய இடியாப்பத்தைப் பற்றியும், கோயில் திருவிழாவில் அவர் செய்த வேலையைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். கம்போங் செட்டியில் இன்று இருக்கும் உங்களில் பலர் அவரை அங்கேயே பிறந்தவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியில்லை என்பதை அறிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன். அதில் என் பங்கு பெருமைப்படத் தக்கது இல்லை. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

போர் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய காலத்தில் அஞ்சலை நாகப்பட்டினத்திலிருந்து மலாக்காவுக்கு வந்தார். கணவருக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை. கம்போங் செட்டியில் மாக் லெட்சுமி என்ற அம்மாளின் வீட்டுப் பின்னறையை வாடகைக்கு எடுத்தார்கள். பெயரைக் கேட்டு, நெற்றியில் திருநீற்றைப் பார்த்து, இவர்கள் நம் ஆட்கள் என்று அஞ்சலை நிம்மதியாக இருந்திருக்கிறார். மாக் லெட்சுமி வாயைத் திறந்தபோதுதான் அந்த வீட்டில் ஒருவருக்கும் தமிழ் வராது என்று தெரிந்தது. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிவிட்ட செட்டிகள் அவர்கள். சாமி மாரியம்மன், பேச்சு மலாய். சந்தின் கோடியில் இருந்த எங்கள் வீட்டில் மட்டும்தான் தமிழ்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, மூன்று வயதில் இங்கே வந்தவள். கான்வென்டில் படித்து அங்கேயே சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியை ஆனேன். ஆங்கிலம் கன்னிமார்களிடம் கற்றது, தமிழ் என் தாயாரிடம் கற்றது. இரண்டிலும் பிழை பொறுக்க மாட்டேன். மலாய் என்பது கடைக்காரர்களிடம் விரலைக் காட்டிப் பேசும் மொழி என்று எண்ணியிருந்தேன்.

ஒரு பிற்பகல், வாசலில் ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றார். ஏதோ மந்திரம்போல் ஒரே வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த வரியைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "இதுக்கு என்னங்க அர்த்தம்? வீட்டுக்காரம்மா சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டாங்க" என்றார். வார்த்தை கீழே சிந்திவிடாமல் சந்து முழுக்க வாயிலேயே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஓசை அச்சு அசலாக இருந்தது. பொருள்தான் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன்.

"நீங்க வந்து எவ்வளவு நாளாச்சு?"

"இருபது வருஷம் இருக்கும்."

"இருபது வருஷமாவா?" என்றார். கேலி ஒன்றுமில்லை, நிஜமான ஆச்சரியம். அதுதான் சுருக்கென்று குத்தியது.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே மழை கொட்டியது. மழை வரும்போல் இருக்கிறது, கொடித்துணியை எடுத்து வை என்பதுதான் மாக் லெட்சுமி சொல்லிவிட்டுப் போனது என்று மறுநாள் தெரிந்தது. மூன்று சேலைகள் நனைந்ததற்கு அந்த அம்மாள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

அதன் பிறகு அஞ்சலை பொருள் கேட்க என்னிடம் வரவில்லை. வேறு இடம் கண்டுபிடித்துக்கொண்டார். பாசார் என்னும் சந்தையில் இடியாப்பம் விற்கத் தொடங்கியபோது, நாகரிகமான வாடிக்கையாளர்கள் வந்து போகும் முன்பக்கத்தை விட்டு, மீன்காரர்கள் பக்கத்தில் போய்க் கூடையை இறக்கினார். நாற்றத்தில் யார் இடியாப்பம் வாங்குவார்கள் என்று நான் கேட்டேன். "முன்னாடி இருக்கறவங்க சிரிக்க மாட்டாங்க டீச்சர். சிரிக்கறவங்ககிட்டதான் பேசிப் பழகணும். மரியாதைக்காரங்க நம்ம தப்பைக் கேட்டும் கேக்காத மாதிரி போயிடுவாங்க" என்றார். மீன்காரர்கள் அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்லிக் காட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அதே வாக்கியத்தைத் திருத்தி மறுபடி சொல்வார். இரண்டாம் ஆண்டில் அவர்கள் சிரிப்பது நின்றது. மூன்றாம் ஆண்டில் விலை விசாரிக்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு அவர்தான் மீன்காரர்கள் சார்பில் பதில் சொன்னார்.

கம்போங் செட்டியில் போகிக்கு முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பது உங்களுக்குத் தெரியும். ஓர் ஆண்டு மாக் லெட்சுமி, உன் வீட்டாருக்கும் ஓர் இலை போட்டுக்கொள் என்று அஞ்சலையிடம் சொன்னார். நான் கத்தோலிக்கப் பெண், வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை தம் தகப்பனாரைத் தமிழில் சாப்பிட அழைத்தார். பிறகு மற்ற இலைகளின் பக்கம் திரும்பி, மலாயில் மெதுவாக ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "இது எங்கப்பா, தூரத்துலேருந்து வந்திருக்கார், கூச்ச சுபாவம், கொஞ்சம் நகர்ந்து இடம் குடுங்கன்னு சொன்னேன்" என்றார்.

மெர்டேக்கா வந்த ஆண்டு அவருடைய கணவர் நோயில் விழுந்து இறந்தார். இரண்டு பெண் பிள்ளைகள், பத்து வயதும் எட்டு வயதும். இந்த நாட்டில் பிறக்காதவர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள முதலில் மொழிச் சோதனை வேண்டாம் என்ற சலுகை இருந்தது. மருத்துவமனைக்கு நடந்துகொண்டிருந்ததில் அஞ்சலை அதைத் தவறவிட்டார். நான் தவறவிட்டதற்குக் காரணம் வேறு. மூன்று வயதிலிருந்து இங்கே இருப்பவளைப் போய் யார் கேள்வி கேட்பார்கள் என்ற இறுமாப்பு. ஆக, மலாயில் பேசிக் காட்டிப் பதிய வேண்டியவர்களின் வரிசையில் இருவரும் சேர்ந்து நின்றோம்.

அவருக்கு அவசரம் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தாயாரின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அக்கா மகன் எழுதுவான், நான் படித்துச் சொல்வேன். கண் மங்கிக்கொண்டே வருகிறது, முழுக்க இருட்டுவதற்குள் உன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அந்த அம்மாள் எழுதச் சொல்லியிருந்தார். குடியுரிமைத் தாள் இல்லாமல் கப்பலேறினால் திரும்பி வர விடுவார்களா என்பது நிச்சயமில்லை. பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போய் அங்கே மாட்டிக்கொள்ள முடியாது. தாள் வந்தால் தாயாரைப் பார்க்கலாம். நிலைமை அவ்வளவுதான்.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை. மேசைக்குப் பின்னால் ஆங்கிலம் படித்த இளம் அதிகாரி ஒருவரும், மொழியைச் சோதிக்க சொங்கோக் தொப்பி அணிந்த முதியவர் ஒருவரும் இருந்தார்கள். முதியவர் ஊர்த்தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு ஆங்கிலம் வராது. முதலில் என்னை அழைத்தார்கள். இங்கே எப்படி வந்தாய் என்று முதியவர் கேட்டார். வாயைத் திறந்தேன். முழுசாக ஓர் ஆங்கில வாக்கியம் வந்தது. அதை விழுங்கிவிட்டு மலாயில் நாலு சொல் சொன்னேன். போதும் அம்மா, உட்கார் என்று இரக்கத்தோடு சொன்னார். வகுப்பில் மந்தமான பிள்ளைகளிடம் நான் காட்டும் அதே இரக்கம்.

அடுத்து அஞ்சலை. முதியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், இடியாப்பம் என்ன விலை என்று. தேங்காய் விலை ஏறியதிலிருந்து பாசாரின் சாக்கடை அடைப்பு வரை அஞ்சலை சொல்லிக்கொண்டே போனார். முதியவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். இருவரும் டுரியான் மரத்தைப் பற்றியெல்லாம் பேசினார்கள். பிறகு அதிகாரி பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அஞ்சலை ஓரமாகப் போய்ப் பையை எடுத்துக்கொண்டிருந்தார். அதிகாரி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: இந்த அம்மாள் செட்டிக் குடும்பத்தில் பிறந்தவர்தானே? இவரை ஏன் வரிசையில் நிறுத்தினீர்கள்?

நான் தலையசைத்தேன்.

அதைப் பற்றி இத்தனை ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். கேள்வி புரியாமல் இல்லை, என் ஆங்கிலத்தில் குறையொன்றும் இல்லை. அந்த மண்டபத்தை விட்டு உடனே போக வேண்டும் என்றிருந்தது. இடியாப்பக்காரியைப் பார்த்துச் சிரித்த முதியவர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டார் என்ற எரிச்சலும் இருந்தது. என் தலையசைப்பை அதிகாரி தாளில் எழுதிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து இருவருக்கும் அரசாங்கத்தின் சூராட், கடிதம், வந்தது. தட்டுத்தடுமாறிப் பேசிய எனக்கு, வந்து உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அவருக்கு வந்த கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். நீர் மலாக்காவில் பிறந்தவர் என்று தெரிகிறது, உமக்குப் பதிவு தேவையில்லை, பிறப்புக்குச் சான்று கொண்டு வந்தால் போதும் என்றது அது. பிறக்காத ஊரில் பிறந்ததற்கு எங்கே போய்ச் சான்று வாங்குவது?

கம்போங்கில் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பழைய ஆட்களுக்கு ஊர்ப் பெரியவர்கள் இருவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். மாக் லெட்சுமி தாமே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். கோயில் பெரியவர் ஒருவர், நீ பிறந்த அன்று என் வீட்டுக் கூரை ஒழுகியது, அதையும் சேர்த்தே எழுதித் தருகிறேன் என்று சிரித்தார். எல்லாரும் அவரை மனதார விரும்பியவர்கள். ஒரே வாரத்தில் வேலை முடிந்துவிடும், கப்பலேறிவிடலாம்.

அஞ்சலை மாட்டேன் என்றார். நான் கெஞ்சினேன். யாருக்கு நஷ்டம் என்று கேட்டேன். "நான் மலாக்காவுலே பொறந்தேன்னா, நாகப்பட்டினத்துலே என்னைப் பெத்தவங்க யாரு டீச்சர்? பொறந்த ஊரு மலாக்கான்னு போட்ட தாளை வச்சுக்கிட்டு எங்கம்மா முன்னாடி போய் நிக்க மாட்டேன். நான் வந்தவ. வந்து, கத்துக்கிட்டு, இருக்கறவ. அப்படியே எழுதிக் குடுக்கட்டும்" என்றார்.

அம்மாவின் கண் அதுவரை காத்திருக்குமா என்றேன். அவர் இடியாப்ப மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அன்றிரவு என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். என்னிடம் சொல்லி என்ன பயன் என்றார் அவர். மறுநாள் பள்ளி விட்டதும் நேரே அஞ்சலையின் அறைக்குப் போய், அதிகாரி என்ன கேட்டார், நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன்.

"ஏன் தலையாட்டினீங்க?"

களைப்பு என்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பொறாமை என்றேன்.

"எம்மேலயா? என் மலாய் மேலயா?" என்று கேட்டார். "அது மீன்கடை மலாய் டீச்சர். யாரு வேணும்னாலும் அள்ளிக்கிட்டுப் போகலாம். நீங்கதான் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தள்ளி நின்னீங்க."

மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். "எனக்கு மலாய் தெரியாத காலத்தைப் பார்த்தவங்க நீங்க, தலையாட்டினவங்களும் நீங்க. நீங்கதான் வந்து சொல்லணும். இங்கிலீஷ்லே வேணாம். அந்தப் பெரியவர்தான் என்னை இந்த ஊர்க்காரின்னு நம்பினவர். அவருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அடுத்த விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. சனிக்கிழமைகளில் என்னைப் பாசாருக்கு அழைத்துப்போய், தம்முடைய முக்காலியில் உட்கார வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார். எதிரே இருந்த மீன்காரர், கான்வென்ட் டீச்சர் வாங்க வந்தீர்களா, விற்க வந்தீர்களா என்று உரக்கக் கேட்டார். நான் சொன்ன பதிலைக் கேட்டு வரிசை முழுக்கச் சிரித்தது. எழுந்து போய்விட நினைத்தேன். "மறுபடி சொல்லுங்க" என்றார் அஞ்சலை, என் மாணவிகளிடம் நான் பேசும் குரலிலேயே. மறுபடி சொன்னேன். ஐந்தாவது தடவை மீன்காரர் சிரிக்காமல் ஒரு பொட்டலம் இடியாப்பம் வாங்கிக்கொண்டார்.

அதே மண்டபம், அதே இருவர். அதிகாரி ஆங்கிலத்தில் வரவேற்றார். நான் முதியவரைப் பார்த்து நின்றேன். இந்த அம்மாள் இங்கே பிறந்தவர் இல்லை, போன தடவை நான் தவறாகத் தலையசைத்தேன், அது என் குற்றம் என்று மலாயில் சொன்னேன். ஒரு சொல் எங்கோ பிசகியது. முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் உட்காரவில்லை. "டூலு டியா தாக் தாஹு சக்காப் மெலாயு" என்றேன். முன்பு இவருக்கு மலாய் பேசத் தெரியாது. "சாயா சாக்சி." நான் சாட்சி.

உனக்கு எப்படித் தெரியும் என்று முதியவர் கேட்டார். கொடித்துணி நனைந்த கதையைச் சொன்னேன். எனக்கு அன்று பொருள் தெரியாமல் போனதையும் விடாமல் சொன்னேன். அவர் அஞ்சலையிடம் திரும்பி, உண்மையா என்றார். உண்மைதான் தோக், மூன்று சேலை, ஒன்று என் கல்யாணச் சேலை என்றார் அஞ்சலை. முதியவர் சிரித்தார். பிறகு, எல்லாரும் இங்கே பிறந்ததாக எழுதித் தருகிறார்கள், நீ ஏன் இல்லையென்று அடம்பிடிக்கிறாய் என்று கேட்டார். அஞ்சலை தாயாரைப் பற்றிச் சொன்னார். கப்பலில் எத்தனை நாள் என்று முதியவர் கேட்டார். ஏழு நாள் என்றார் அஞ்சலை. முதியவர் அதிகாரியின் தாளைத் தொட்டு, அடித்துவிட்டு எழுது என்றார்.

தாள் வந்தபோது அஞ்சலை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறந்த ஊர் என்ற வரியைப் படிக்கச் சொன்னார். நாகப்பட்டினம் என்று படித்தேன். இன்னொரு தரம் என்றார். படித்தேன். பிள்ளைகள் இருவரையும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் போனார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது தாயாரின் கண் முழுக்கப் போயிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்புவரை எதிரே நிற்பவர் முகம் மங்கலாகவாவது தெரிந்ததாம். நான் தலையசைக்காமல் இருந்திருந்தால் அந்த அம்மாள் மகளின் முகத்தைப் பார்த்திருப்பார். அஞ்சலை இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. திரும்பி வந்தபின் நானே கேட்டபோதும், "முகத்தைத் தடவிப் பார்த்தாங்க. என்னடி பாட்டுப் பாடற மாதிரி பேசறேன்னு சிரிச்சாங்க. நாப்பது நாள் பேசிக்கிட்டே இருந்தோம்" என்று மட்டும் சொன்னார். ஆனால் ஒரு மாதம் என்பது ஒரு மாதம்தான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

என் கணவர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. என்னிடம் கண்டிப்பாகப் பேசக்கூடிய ஆள் அதன் பிறகு அஞ்சலை ஒருவர்தான். அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், மலாய் மொழி என்று சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் நான் பத்திரமாக வைத்திருப்பது வேறொன்று. யாராவது ஒரு கேள்வி கேட்டால், எனக்கு எவ்வளவு சலிப்பாக இருந்தாலும், தலையை ஆட்டிவிட்டுப் போவதில்லை.

இறுதிச் சடங்கு நடந்த அன்று, கம்போங் இளைஞன் ஒருவன் என் அருகே வந்து, நேனெக் அஞ்சலை எந்தச் செட்டிக் குடும்பம் என்று மலாயில் கேட்டான். வெயில் ஏறியிருந்தது. முழங்கால் வலித்தது. என்னை வீட்டுக்கு அழைத்துப்போக வண்டியும் காத்திருந்தது. நான் அவனிடம் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, நாகப்பட்டினத்திலிருந்து ஆரம்பித்தேன்.